படைக்கலம் பறித்த அமைதியும் படைவீரர் கேட்ட அமைதியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்த கோம்பை, இன்று தன் பெயரைத் தாங்கிய நாயினத்தால் வெளியூர்களில் அறியப்பட்டாலும், முற்காலத்தில் ஒரு பாளையமாக, அதாவது நிலவுரிமைக்கு ஈடாக மேலரசுக்குத் திறையும் படையும் அளிக்கக் கடமைப்பட்ட தலைவனின் ஆட்சிப்பகுதியாக, விளங்கியது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால், கோம்பை அடங்கிய திண்டுக்கல் சீமை கும்பினியாரின், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின், கைக்கு மாறியது. கும்பினியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அதன்பின் நிலவிய அமைதி தோற்றவனிடமிருந்து பறித்துப் பெற்றது. அதை அமைதி என்பதைவிட அடக்கம் என்பதே பொருந்தும்.

படைக்கலம் ஏந்தி வென்றவரே போரைக் கைவிடக் கோருவது இதனின்று முற்றிலும் வேறானது. அதற்கு இந்திய வரலாற்றில் தெளிவான சான்றாக நிற்பவர் அட்மிரல் லட்சுமிநாராயண் ராமதாஸ். 1933இல் பம்பாயில் பிறந்து, 1953இல் கடற்படை அதிகாரியான இவர், 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ஐ.என்.எஸ். பியாஸ் என்ற போர்க்கப்பலின் தலைவராகக் கிழக்குப் பாகிஸ்தானின் கடல் முற்றுகையில், அதாவது எதிரியின் துறைமுகங்களுக்குள் கப்பல்கள் நுழையவோ வெளியேறவோ இயலாதபடி தடுக்கும் நடவடிக்கையில், பங்கேற்று வீர் சக்ரா விருது பெற்றார். 1990 நவம்பர் முதல் 1993 செப்டம்பர் வரை கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில்தான் கடற்படையில் மருத்துவப் பிரிவுக்கு வெளியேயும் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்க்கப்படும் வழக்கம் தொடங்கியது.

ஓய்வுக்குப் பின் அவர் அமைதிக்கும் மக்களாட்சிக்குமான பாகிஸ்தான்-இந்திய மக்கள் மன்றத்தில் இணைந்து அதன் இந்தியப் பிரிவுக்குத் தலைமையேற்றதும், 1998 மே மாதத்தில் இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தியபின் அணு ஆயுத ஒழிப்பை வலியுறுத்தியதும், தாம் போரிட்ட நாட்டின் குடிமக்களோடு ஒரே மேடையில் அமர்ந்ததும் பலருக்கு உவப்பளிக்கவில்லை. பதவியில் இருந்தபோது பேசாதவர் பின்னர் பேசுவதில் என்ன துணிவு என்று கேட்போர் உண்டு. பணியிலுள்ள அதிகாரி அரசியல் பேசுவதைப் படைச்சட்டம் தடுப்பதால் அக்கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. மீதி விடை, ஓய்வுபெற்ற தளபதிகளுள் மிகச் சிலரே இவ்வழியில் வந்தனர் என்பதில் இருக்கிறது. அவருடைய வாதத்தின் வலிமையும் இரக்கத்தில் மட்டும் ஊன்றியதன்று. அண்டை நாடுகளான இவற்றிடையே ஏவுகணை சில நிமிடங்களில் இலக்கை எட்டிவிடும் என்பதால், தவறான எச்சரிக்கையைச் சரிபார்க்கவும் அவகாசம் இராது என்பதைக் கட்டளையிடும் நாற்காலியில் அமர்ந்தவர் கூறும்போது எளிதில் தள்ளிவிட முடியாது.

2004ஆம் ஆண்டின் மகசேசே விருது அவருக்கும் பாகிஸ்தானிய மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஐ.ஏ. ரஹ்மானுக்கும் வழங்கப்பட்டது. 2019இல் காஷ்மீரின் புல்வாமாவில் நடந்த தாக்குதலுக்குப்பின் காஷ்மீரிகள் பிற மாநிலங்களில் தாக்கப்பட்டபோது, எண்பத்தைந்து வயதிலும் ராமதாஸ் அது குறித்துக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். ரஹ்மான் 2021இலும், ராமதாஸ் 2024 மார்ச் 15 அன்றும் மறைந்தனர். அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என 1988இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி 1 அன்று தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. ஆனால் ராமதாஸ் வலியுறுத்தியபடி அணு ஆயுதங்களைக் கைவிடுவது குறித்து அவற்றிடையே இன்றுவரை எந்த உடன்பாடும் இல்லை.