கப்பலில் முதிர்ந்த மது

தெளிந்த கள்ளைச் சங்கத் தமிழ் தேறல் என்றது. தேறுதல் என்றால் தெளிதல். புளித்து நுரைத்துக் கலங்கிக் கிடக்கும் கள்ளில், நாள் செல்லச் செல்ல மண்டி அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவுதான் தேறல். பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்து முதிரவைத்த மதுவைக் குறிப்பிடுகிறார் (புறநானூறு 120). மலைபடுகடாம் மூங்கில் குழாயில் விளைந்த தேறலைப் பேசுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே வருகிறது: அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையரிசி மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, பச்சை வாடை அறும்வரை சாடியில் விளையவிட்டு எடுத்தார்கள். வைத்திருந்தால் மது மேம்படும் என்பதைத் தமிழ் நாட்டுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆனால் கள்ளுக்கு ஆயுள் குறைவு. அதில் சாராயச் சத்து கொஞ்சம்தான். காற்றுப் பட்டால் இந்த வெக்கையில் வெகு விரைவில் காடியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் தாங்குவதற்குப் புளிப்பும், மூடி அடைத்த கலமும், ஓரளவு வலுவான சாராயச் சத்தும் வேண்டும். திராட்சை மதுவுக்கு அவை வாய்த்தன. அது இந்தச் சோழமண்டலக் கரைக்குக் கடல் வழியாகவே வந்தது.

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாளும் மகிழ்ந்திருக்கும்படி சொல்கிறார். வெளிநாட்டுச் சரக்கையும் தேறல் என்ற உள்ளூர்ச் சொல்லாலேயே அழைத்தது கவனிக்கத்தக்கது. அந்த மது வந்த கலங்களின் உடைசல்கள் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்தன. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அந்த மேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். பிறகு கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தார்கள். இரண்டு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட ஆம்ஃபோரா என்னும் அந்தச் சாடிகளில் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை குறிப்பிடத்தக்க அளவில் உள்ளன. கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். உப்பு அதைக் கெடாமல் காத்தது. நீண்ட கடல் பயணத்துக்கு ஏற்ற சரக்கு அது. ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த சாடிகளும் அதே மேட்டில் கிடைத்திருக்கின்றன.

ரோமானியர் மதுவின் வயதைக் கணக்குவைத்துக் குடித்தவர்கள். கி.மு. 121ஆம் ஆண்டின் விளைச்சலை, அந்த ஆண்டின் ஆட்சியாளர் ஒப்பிமியஸ் பெயராலேயே அழைத்தார்கள். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பிறகும் அது மிச்சமிருந்ததாகவும், கசப்பேறிய தேன்போல் இறுகிவிட்டதாகவும் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். மிகப் பழைய மதுவைப் பற்றி எஞ்சியிருக்கும் சுவைக் குறிப்புகளில் இது முக்கியமானது. இனிப்பு மது முதுமையில் பாகாகும் என்பதும், அந்தப் பாகில் கசப்பு தலைகாட்டும் என்பதும் அப்போதே தெரிந்திருக்கிறது.

ரோமானிய வணிகம் தளர்ந்த பிறகு இந்தக் கரையில் திராட்சை மதுவின் தடம் மங்குகிறது. வங்கக் கடல் வணிகத்தில் முஸ்லிம் வணிகர் ஓங்கிய நூற்றாண்டுகளில் பரங்கிப்பேட்டைத் துறை துணிக்குப் பெயர்பெற்றது. வீராணம் ஏரிக்கரையில் லால்பேட்டையும் கடலோரத்தில் பரங்கிப்பேட்டையும் இஸ்லாமிய வாழ்வு ஆழ வேரூன்றிய ஊர்கள். மது அங்கே விலக்கப்பட்ட பொருள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தவர்களே தங்கள் தேவைக்கு அதை இறக்கிக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டையில் பாரசீகத்து ஷிராஸ் மதுவும் புழங்கியது. பாரசீக வளைகுடாவின் பந்தர் அப்பாஸ் துறையிலிருந்து அது கப்பலேறியது. மது விலக்கப்பட்ட ஊர்களிலும் சுவை நுட்பம் உண்டு; அது மதுவோடு மட்டும் கட்டுண்டதல்ல. லால்பேட்டைப் பக்கத்துக் கொடிக்கால் வெற்றிலையில் இளந்தளிரையும் முற்றலையும் நாக்கிலேயே பிரித்தறிபவருக்கு, சிவப்பு மதுவில் தேடப்படும் காரமும் துவர்ப்பும் புதியவை அல்ல.

1690இல் செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவுவரை நிலம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்த நினைவு இன்றும் இருக்கிறது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்ததிலிருந்து 1752 வரை கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் கடலூர்தான். இங்கிலாந்திலிருந்து புறப்படும் கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்கு வடமேற்கே அட்லாண்டிக்கில் உள்ள மதீரா தீவில் நின்று, தண்ணீரோடு மதுவும் ஏற்றிக்கொள்வது வழக்கம். சுமார் 418 லிட்டர் பிடிக்கும் பெரிய மரப்பீப்பாய்களில் அடைத்த அந்த மது, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய ஆறு மாதம் கடலில் கிடந்து இந்தக் கரைக்கு வந்தது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரமிட்டன. அங்கிருந்து, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஏறி, அலையில் புரண்டு வந்து சேர்ந்தன பீப்பாய்கள்.

இந்த அலைக்கழிப்பில் மதுவுக்கு நேர்ந்ததுதான் இந்த வரலாற்றின் நடுப்புள்ளி. மதீராவிலிருந்து இந்தியா வர நிலநடுக்கோட்டை இருமுறை கடக்கவேண்டும். திரும்பும்போது மறுபடி இருமுறை. கப்பலின் அடித்தளத்து வெக்கையில் மது மாதக்கணக்கில் வெந்தது, குலுங்கியது, பீப்பாயின் மரக்கட்டை வழியே காற்றையும் உறிஞ்சியது. கெட்டிருக்கவேண்டிய சரக்கு, புறப்பட்டபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது. போய்வந்த மது என்று தனிப்பெயர் வைத்துத் தீவின் வணிகர்கள் அதைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். விற்பதற்காக அல்லாமல், முதிர்வதற்காகவே பீப்பாய்களைக் கிழக்கே அனுப்பித் திரும்ப வரவழைத்ததும் உண்டு. கிழக்கிந்திய மதீரா என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மது விலைப்பட்டியல்களில் இடம்பெற்றது.

காரணங்கள் பின்னாளில்தான் புரிந்தன. மதீராத் திராட்சையில் புளிப்பு மிகுதி. 18ஆம் நூற்றாண்டில் மதுவோடு பிராந்தி சேர்க்கும் முறை பரவியதால் சாராயச் சத்தும் உயர்ந்தது. இன்றைய மதீராவில் அது பெரும்பாலும் 18 முதல் 20 விழுக்காடு. புளிப்பும் சாராயமும் கிருமிகளைத் தடுத்துவிட, வெப்பம் தன் வேலையை நிதானமாகச் செய்தது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது எழுவதுபோன்ற மணமும் நிறமும் பிறந்தன. முதிர்ந்த மதீராவின் தனி மணத்துக்கு முக்கியமான காரணம் சோட்டலான் என்னும் வேதிப்பொருள். வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தருவதும் அதே பொருள்தான். வறுத்த வெந்தயத்தின் வாடையை அறிந்த மூக்குக்கு நூறாண்டு மதீரா அந்நியமல்ல.

மதீராவில் திராட்சை இனத்தைப் பொறுத்து இனிப்பு மாறும். செர்சியால் இனிப்பு குறைந்தது, வெர்டெல்யோ இடைப்பட்டது, புவால் இனிப்பானது, மால்வசியா மிக இனிப்பானது. ஒப்பிட்டுச் சுவைப்போர் இதே வரிசையில் செல்வார்கள். மால்வசியாவை முதலில் குடித்தால் செர்சியால் வெறும் புளிநீராகத் தோன்றும். மால்வசியாவிலும் புளிப்பு குறைவதில்லை. வயதான இனிப்பு மதுவின் தரத்தை அறிய அந்தப் புளிப்பைத்தான் தேடவேண்டும். சர்க்கரை மட்டும் மிஞ்சினால் அது திகட்டும் பாகு. புளிப்பும் கூட நின்றால் விழுங்கிய பிறகும் வாயில் சுவை நெடுநேரம் தங்கும்.

டச்சுக்காரர்களின் வழியில் இன்னொரு இனிப்பு மது இருந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் 1685இல் தொடங்கிய கான்ஸ்டான்ஷியா பண்ணையில், மஸ்கட் முதலான திராட்சைகளை நன்கு கனியவிட்டு எடுத்த மது அது. 1778இல் பண்ணையை வாங்கிய ஹென்ட்ரிக் க்ளூட்டே காலத்தில் அதன் புகழ் ஐரோப்பிய அரண்மனைகள்வரை எட்டியது. செயின்ட் ஹெலனாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனும் அதைத்தான் குடித்தார்.

சிவப்பு மதுவின் கதை வேறு. கடலூருக்கு வடக்கே 20 கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரி. பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல்கள் லோரியாந் துறையிலிருந்து போர்தோ நகரத்து மதுவை அங்கே கொண்டுவந்தன. ஆங்கிலேயர் அதை க்ளாரெட் என்றார்கள். அவர்களிடம் வேலைபார்த்த வடநாட்டார் லால் ஷராப் என்றார்கள். சிவப்பு மதுவைத் தாங்கி நிற்பது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின். பாக்கைக் கடித்ததும் நாக்கை இழுக்கும் துவர்ப்பும் அதே இனம்தான். இளம் மதுவில் அது முரடாக இருக்கும். குளிர்ந்த நிலவறையில் ஆண்டுகள் செல்லச் செல்ல டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று கோத்து, கனத்து, வண்டலாகப் படியும். துவர்ப்பு மெதுவாகத் தணியும். ஊதாச் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும். பழ மணம் பின்வாங்கி, தோல், புகையிலை, ஈரமண் மணங்கள் முன்னுக்கு வரும். வண்டலை அடியிலேயே விட்டு மேல்தெளிவை மட்டும் வேறு கலத்துக்கு மாற்றி ஊற்றுவார்கள். தேறல் என்ற சொல் குறிப்பதும் இந்தத் தெளிவையே.

இதற்கெல்லாம் குளிர்ச்சியும் அசையாமையும் வேண்டும். சோழமண்டலக் கரையில் இரண்டும் இல்லை. கோடையின் சூட்டில் தக்கை நெகிழ்ந்து காற்றுப் புகும். மதுவும் வெந்துபோய், வேகவைத்த பழத்தின் வாடையோடு மந்தமாகிவிடும். பிராந்தி சேர்க்காத சிவப்பு மதுவுக்கு இந்த வெப்பத்தை எதிர்க்கும் வலு போதாது. ஆகவே இங்கே அதை வயதாக்க நினைப்பதைவிட, வந்த வேகத்தில் குளிரவைத்துக் குடிப்பதே நல்லது என்றானது. முகலாயர் காலத்திலிருந்தே தெரிந்த வழி ஒன்று இருந்தது: வெடியுப்பு கரைத்த நீரில் குப்பியைச் சுழற்றுவது. வெடியுப்பு கரையும்போது நீர் குளிரும். பிறகு அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி கப்பலில் வந்தது. 1833இல் கல்கத்தாவுக்கும், அடுத்து சென்னைக்கும். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருப்பது அந்தப் பனிக்கட்டிக்காகக் கட்டிய கிடங்கு.

சிவப்பு மதுவிலும் இந்தியப் பயணத்தைத் தாங்கி மேம்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒன்று உண்டு. போர்தோ பகுதியில் செயின்ட் எஸ்டெஃப் ஊரின் லூயி காஸ்பார் டெஸ்டூர்னெல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் கோஸ் தோட்டத்து மதுவை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்தார். விற்காமல் திரும்பி வந்த குப்பிகள் பக்குவப்பட்டிருந்ததாகச் சொல்லி, இந்தியாவிலிருந்து திரும்பியது என்ற அடையாளத்துடன் விற்றார். கீழ்த்திசைக் கோயில்களை நினைவூட்டும் கோபுரங்களைத் தன் மதுக்கிடங்கின்மேல் எழுப்பினார். அவை இன்றும் நிற்கின்றன. 1855ஆம் ஆண்டின் போர்தோ தரவரிசையில் கோஸ் டெஸ்டூர்னெல் இரண்டாம் வகுப்பில் இடம்பெற்றது. கடல் அந்த மதுவுக்கு உண்மையில் என்ன செய்தது என்பது வேறு கேள்வி. மாதக்கணக்கான சூடு, நிலவறையில் பல ஆண்டுகளில் நடப்பதை விரைவுபடுத்தி டானினின் முரட்டுத்தனத்தைக் குறைத்திருக்கலாம். அதே சூடு அதன் மிச்ச ஆயுளையும் சுருக்கியிருக்கும். மதீராவுக்கு அப்படிப்பட்ட இழப்பு இல்லை. முன்பே வெந்து, காற்றுண்டு, இனிக் கெட ஏதுமில்லாத நிலையை எட்டிவிட்டதால், திறந்த குப்பியும் மாதக்கணக்கில் மாறாது. பழைய சிவப்பு மதுவோ திறந்த சில மணி நேரத்துக்குள் மணம் இழக்கும்.

இதனால் இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பது சரியாகாது. சிவப்பில் நிறம் வெளிறுவது வயதின் அடையாளம். இனிப்பு வெள்ளையில் நிறம் கருப்பதே வயதின் அடையாளம். பொன்னாகத் தொடங்கும் மது தேன் நிறமாகி, கடைசியில் காப்பிக் கஷாயம்போல் ஆகும். சிவப்பில் இளமையின் மிச்சம் எவ்வளவு என்று தேடுவார்கள்; இனிப்பில் முதுமை என்ன சேர்த்தது என்று பார்ப்பார்கள். ஒரே அமர்வில் இரண்டும் வந்தால் சிவப்பை முன்னும் இனிப்பை இறுதியிலும் வைப்பார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, மதீரா மது இந்தியாவுக்கு வந்த வழி தளர்ந்தது. 1850களில் மதீராவின் கொடிகளைச் சாம்பல் நோய் தாக்கியது; 1870களில் ஃபிலாக்சிரா என்னும் வேர்ப்பேன் வந்தது. இடையில் 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் மதீராவையும் நன்னம்பிக்கை முனையையும் விட்டு விலகிச் சில வாரங்களில் இந்தியா வந்து சேர்ந்தன. செயின்ட் டேவிட் கோட்டையோ, 1758இல் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை கைப்பற்றி இடித்ததோடு தன் முதன்மையை முன்பே இழந்துவிட்டிருந்தது.

கப்பல் செய்த வேலையைத் தீவே செய்துகொள்ளும் ஏற்பாடு அதற்குள் வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மதீராவில் மதுவைச் சூடேற்றும் அறைகள் கட்டப்பட்டன. இன்று மலிவான வகைகளைச் சூடேற்றும் தொட்டிகளில் 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த வகைகள், வெயில் இறங்கும் கூரைக்கடியில் மரப்பீப்பாய்களிலேயே கிடக்கின்றன. விளைந்த ஆண்டின் பெயரோடு குப்பியில் அடைபடும் மிக உயர்ந்த வகை மதீராவுக்கு அங்கே குறைந்தது 20 ஆண்டு இருப்பு விதித்திருக்கிறார்கள்.