தட்டிய என்ஜினும் தட்டிய கதவுகளும்

மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் அதைப் பற்றி ஒவ்வொரு மலரிலும் யாராவது எழுதிவிடுகிறார்கள். ஆகவே தொழில் சம்பந்தமாக ஒரு சரித்திரக் கட்டுரை. நடுவே என் முட்டாள்தனம் ஒன்றும் வரும். தற்போது படிக்கும் தம்பி தங்கைகள் அதை மட்டும் படித்தாலும் போதும்.

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கிறது. 1965-ஆம் வருடத்து வண்டி. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது. 2006-ல் டிரங்குப் பெட்டியும் பிளாஸ்டிக் பக்கெட்டுமாக என்னை நம் கல்லூரி ஹாஸ்டல் வாசலில் அப்பா இறக்கிவிட்டதும் அந்த வண்டியில்தான். சீனியர்கள் கூட்டமாக வந்து வண்டியைத்தான் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ராகிங்கிலிருந்து தப்பித்தேன். பிறகு பல வருடங்கள் ஷெட்டில் தூங்கிய அந்த வண்டியை, அப்பா ரிடையர் ஆனதும் மறுபடி கிளப்பினோம்.

கிளம்பிய சில மாதங்களில் தட்ட ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது டொக் டொக்கென்று ஒரு சத்தம்.

நான் வேலை பார்ப்பது என்ஜின் கேலிபரேஷன் பிரிவில். 'நாக்கிங்' என்பது எனக்குச் சோறு போடும் விஷயம். எனவே, "பழைய என்ஜின்ப்பா, இப்ப வர்ற பெட்ரோல் ஒத்துக்கலை. வேற ஒண்ணுமில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "சத்தம் கீழேர்ந்து வர்ற மாதிரி இருக்கேடா" என்றார் அப்பா. பி.காம். படித்த அப்பா சொல்வதை பி.இ. படித்த மகன் கேட்பானா? டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைக் கொஞ்சம் லேட் ஆக்கினேன். விலை உயர்ந்த பெட்ரோல் போட்டேன். சத்தம் சற்றுக் குறைந்தது. அந்தக் குறைவுதான் என்னை ஏமாற்றியது.

எப்படி ஏமாந்தேன் என்று சொல்வதற்கு முன், இந்தத் தட்டலின் சரித்திரத்தைப் பார்த்துவிடுவோம். இதில் ஏமாந்தவன் நான் மட்டும் அல்ல.

ஒரு பெயர், இரண்டு நோய்

'என்ஜின் தட்டுகிறது' என்கிற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது எரிபொருளின் தட்டல். ஸ்பார்க் பிளக் தீப்பொறி விட்டதும் சுவாலை சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவ வேண்டும். அது கடைசி மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள், அங்கே நெருக்கப்பட்டுச் சூடேறிக் கிடக்கும் மிச்சக் கலவை தானாகவே ஒரேயடியாகப் பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் சுவரில் மோதும். டம்ளருக்குள் கோலிக்குண்டைக் குலுக்கியது போல் கிண்கிணியென்று கேட்கும். பிங்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது உலோகத்தின் தட்டல். பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டால், கிராங்க் ஷாப்டும் கனெக்டிங் ராடும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதற்கும் எரிபொருளுக்கும் சம்பந்தமே இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

1912-ல் கேடில்லாக் கார்களில் கையால் சுழற்றாமல் மின்சாரத்தால் கிளம்பும் ஸெல்ப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய பாட்டரி இக்னிஷனும் கூடவே வந்தது. கொஞ்ச நாளில் என்ஜின்கள் தட்டுவதாகப் புகார். பழி பாட்டரி இக்னிஷன் மீது விழுந்தது. "என் பிள்ளை மேல் பழியா?" என்று நினைத்தாரோ என்னவோ, 1916-ல் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் மெக்கானிகல் என்ஜினியரிடம் நிஜக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை ஒப்படைத்தார்.

தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதால்தான் தட்டுகிறது என்று பலர் அப்போது நம்பினார்கள். மிட்ஜ்லி சிலிண்டர் அழுத்தத்தைப் படம் பிடித்துப் பார்த்தார். அழுத்தம் திடீரென்று எகிறியது தீப்பொறிக்கு முன்பு அல்ல, பின்பு. ஆக, குற்றவாளி இக்னிஷன் அல்ல, எரிபொருள்.

அடுத்து நடந்தது வேடிக்கை. மண்ணெண்ணெய்க்குச் சிவப்பு நிறம் இருந்தால் அது வெப்பத்தை உறிஞ்சிச் சீக்கிரம் ஆவியாகுமோ, தட்டல் நிற்குமோ என்று ஒரு யோசனை. ஸ்டோரில் எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் இல்லை. அயோடின் இருந்தது. அதைக் கலந்தார்கள். தட்டல் குறைந்தது! ஆனந்தம்தான். ஆனால் பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்தது நிறம் அல்ல, அயோடின். தப்பான யோசனைக்குச் சரியான பலன் கிடைத்த கதை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ தனி வழியில் ஆராய்ந்து, தட்டல் என்பது கடைசி மூலைக் கலவை தானே பற்றிக்கொள்வதுதான் என்று விளக்கினார். நாம் தெர்மல் பாடத்தில் படித்ததன் வேர் அங்கே இருக்கிறது.

தட்டலை அளக்க ஒரு முழக்கோல் தேவைப்பட்டது. 1920-களின் பிற்பகுதியில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் அதைக் கொடுத்தார். தட்டலை நன்றாகத் தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100, உடனே தட்டும் ஹெப்டேனுக்கு 0. ஆக்டேன் எண் பிறந்த கதை இது. நம் லேபில் கம்ப்ரெஷனை மாற்றி மாற்றி ஓட்டும் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் நினைவிருக்கிறதா? ஆக்டேன் எண்ணை அளக்கும் என்ஜினும் அதே ஜாதிதான். ரெக்கார்டு நோட்டைக் காப்பியடித்த என் பேட்ச் நண்பர்கள் இப்போதாவது புரிந்துகொள்ளவும்.

சத்தம் போனது, விஷம் வந்தது

அயோடினுக்குப் பிறகு மிட்ஜ்லி குழுவினர் ஒவ்வொன்றாக முயன்றார்கள். டெல்லூரியம் தட்டலை நன்றாக அடக்கியது. ஆனால் கையாண்டவர்கள் மேல் பூண்டு நாற்றம் நாள்கணக்கில் போகவில்லை. கடைசியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மம் அகப்பட்டது. துளி கலந்தாலே என்ஜின் மௌனம். 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது.

ஈயம் விஷம் என்பது அன்றைக்கே தெரியும். 1924 அக்டோபரில் நியூ ஜெர்ஸியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்த ஈயத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி ஐந்து பேர் இறந்தார்கள். அந்த மாதமே மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னால் அதைக் கையில் ஊற்றிக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். ஈய நச்சுக்காக அவரே முந்தைய ஆண்டு ஓய்வெடுக்கப் போயிருந்தவர்! ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆல்கஹாலை யாரும் காய்ச்சலாம், ஈயம் ஒரு கம்பெனியின் சொத்து. வெற்றி ஈயத்துக்கு.

அந்த முடிவை உலகம் திருத்திக்கொள்ள நூறு வருடம் பிடித்தது. மனிதன் சுற்றுப்புறத்தில் ஈயத்தை எவ்வளவு கூட்டிவிட்டான் என்று கிளேர் பாட்டர்ஸன் 1965-ல் எழுதினார். நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். பள்ளிக்கூட ஆட்டோவில் உட்கார்ந்து ஈயப் புகையைச் சுவாசித்த கடைசிக் குழந்தைகள் என் வயதுக்காரர்கள்தான்.

இதில் எனக்குப் பட்ட பாடம் இதுதான்: சத்தம் அடங்கினால் நோய் போய்விட்டதென்று அர்த்தமில்லை. மிட்ஜ்லிக்கு அது நேர்ந்தது பெரிய அளவில். எனக்கு என் வீட்டு ஷெட்டில்.

கதவு தட்டிய படலம்

டைமிங் மாற்றிய ஹெரால்டை மேலும் சில வாரங்கள் ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் தாண்டியதும் சத்தம் பழையபடி எழுந்தது. இந்தத் தடவை ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் கேட்டது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. எரிபொருள் தட்டல் என்றால், காலை எடுத்ததும் நின்றிருக்க வேண்டுமே!

ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். "ஸ்கேனரை எங்க சார் மாட்டுறது?" என்று கேட்டார்கள். இன்னொரு இடத்தில், "மாருதி என்ஜின் தூக்கி வச்சிடலாம் சார், தொந்தரவே இல்ல" என்றார்கள். மூன்றாவது இடத்தில் இரும்பு விலைக்குக் கேட்டார்கள். நாம் ஓட்டும் வண்டி பிறந்த ஊரிலேயே இந்த நிலைமை. 1948-ல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் வண்டலூர் பக்கம் தயாரித்தது. 1980-களின் கடைசியில் நிறுவனத்தின் கதையே முடிந்துபோனது.

கடைசியில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் புதுப்பேட்டைச் சந்தில் ஒரு பாயிடம் அனுப்பினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஹெரால்டின் மூக்கு முழுவதும் முன்பக்கமாகத் திறந்துகொள்ளும். பாய் சொந்த வீட்டுத் திண்ணை போல முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வி கேட்டார்.

"சத்தம் எப்ப வருது தம்பி? மிதிக்கிறப்பவா, விடுறப்பவா?"

"இப்ப ரெண்டுலயும் வருது பாய்."

"அப்ப பெட்ரோல் மேல ஏன் பழி போடுறீங்க?"

நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் பிடியைக் காதெலும்பில் வைத்து, நுனியை என்ஜின் பிளாக்கில் அங்கங்கே ஊன்றிக் கேட்டார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போலத்தான். பிறகு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்றாம் சிலிண்டர் ஒயரைக் கழற்றியதும் சத்தம் அமுங்கியது. எரிப்பு நின்றால் அந்த ராடின் மேல் பாரம் குறையும், அடியும் குறையும். "மூணாம் நம்பர் பிக் எண்டு" என்றார். நான் டைமிங்கை லேட் ஆக்கியபோது சத்தம் குறைந்ததும் இதே காரணத்தால்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அயோடினும் சிவப்புச் சாயமும் கண் முன்னால் வந்து போயின.

இன்னொரு சோதனையும் செய்தார். என்ஜினை நிறுத்திவிட்டு என்னைக் கிளட்ச்சை மிதிக்கச் சொன்னார். முன்னாலிருக்கும் கிராங்க் புல்லி கண்ணுக்குத் தெரியவே முன்னுக்கு நகர்ந்தது. கிராங்க் முன்பின் ஆடாமல் பிடித்து நிறுத்தும் பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருந்தன. இந்தக் குடும்பத்து என்ஜின்களுக்கு இது பேர் போன வியாதி. முற்றினால் வாஷர் கழன்று சம்ப்பில் விழும், கிராங்க் பிளாக்கையே அறுத்துவிடும்.

சம்ப்பைக் கழற்றினால், மூன்றாம் நம்பர் பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு பளபளத்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். தாத்தாவின் வண்டி அன்றோடு சரி.

கிராங்க்கை கிரைண்டிங் பண்ணி அண்டர்சைஸ் பேரிங் போட்டோம். பேரிங்கும் வாஷரும் கிடைக்க இங்கிலாந்து டிரையம்ப் கார் சங்கத்துக்காரர்கள் உதவினார்கள். அங்கே 1961-லேயே 1147 சிசி என்ஜின் வந்துவிட்டது. நம் ஊர் ஹெரால்டில் கடைசிவரை 948 சிசிதான். அதனால் அளவை இரண்டு தரம் சரிபார்த்துதான் வாங்க வேண்டியிருந்தது. ஈயப் பெட்ரோல் காலத்தில் வால்வு ஸீட்டுக்கு ஈயமே ஒரு மெத்தை போல இருந்தது. அது இப்போது இல்லை என்பதால் கெட்டியான ஸீட்டும் வைத்தோம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர் குழாய்களையும் மாற்றினோம். 1921-ல் ஒதுக்கப்பட்ட ஆல்கஹால் நூறு வருடம் கழித்து நம் டேங்குக்கே திரும்பி வந்துவிட்டதைப் பாருங்கள்!

யோசித்துப் பார்த்தால் என் முதல் தீர்ப்பே அசட்டுத்தனம். இந்த என்ஜின் புதிதாக இருந்தபோது நம் ஊரில் விற்ற பெட்ரோலை விட இன்றைய பெட்ரோலுக்கு ஆக்டேன் அதிகம். அதை விட மட்டமான பெட்ரோலில் தட்டாத என்ஜின் இப்போது ஏன் தட்ட வேண்டும்? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. இன்றைய என்ஜின்களில் நாக் ஸென்ஸர் தட்டலை உணர்ந்ததும் கம்ப்யூட்டர் தானாக இக்னிஷனைத் தள்ளிப்போட்டுவிடுகிறது. பல வருட வேலையில் தட்டலை நான் திரையில் கோடாகத்தான் பார்த்திருக்கிறேன். காதால் கேட்டதில்லை.

கிளம்பும்போது, "உங்களுக்கப்புறம் இதை யார் பாய் பாப்பாங்க?" என்றேன். "பையன் துபாய்ல ஏசி மெக்கானிக். நீங்கதான் பாத்துட்டீங்களே தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் பாயின் அனுமதியோடு, அவரிடம் வரும் பழைய வண்டிகளின் சத்தங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். குளிரில் தட்டி, சூடேறியதும் அடங்கும் பிஸ்டன் ஆட்டம். ஐடிலில் இரட்டையாகத் தட்டும் சின்ன எண்டு. மெலிதாக டிக் டிக்கென்னும் டாப்பெட். மேட்டில் கிண்கிணிக்கும் பிங்கிங். ஒவ்வொன்றுக்கும் பாயின் விளக்கத்தையும் சேர்த்து நம் துறை லேபுக்குக் கொடுக்கப்போகிறேன். இதுபோன்ற பெரியவர்களைத் தெரிந்த பழைய மாணவர்கள் அவரவர் ஊரில் இதைச் செய்தால் நம் கல்லூரிக்கு ஒரு பெரிய சொத்து சேரும்.

சங்கமத்தன்று ஹெரால்டு ஆடிட்டோரியம் வாசலில் நிற்கும். அப்பாவும் வருகிறார். தம்பி தங்கைகள் தாராளமாக மூக்கைத் திறந்து பார்க்கலாம். ஸ்குரூ டிரைவர் நான் கொண்டுவருகிறேன். காது மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

— ஒரு பழைய மாணவன், இயந்திரவியல் துறை, 2006–2010