ஒதுக்கிய புல்வெளியும் மேய்ச்சல் மாடும்

நிலத்தை உழாமல் விட்டுவைத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பெருஞ்சமவெளியின் வரலாறு இக்கேள்விக்கு விடை கூறுகிறது.

அச்சமவெளியில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கான காட்டெருமைகள் மேய்ந்தன. 1880-களின் இறுதிக்குள் வேட்டைக்காரர்கள் அவற்றை ஏறக்குறைய அழித்துவிட்டனர். 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் வீதம் நிலம் பெற்ற குடியேறிகளும், அவர்கள் பின் வந்தோரும், புல்லை வேரோடு புரட்டிக் கோதுமை விதைத்தனர். 1930-களில் மழை பொய்த்தது. மண்ணைப் பிடித்து நிறுத்த வேர் இல்லை. காற்று அதனை வாரிச் சென்றது. 1935 ஏப்ரல் 14-ஆம் நாள் பகலை இருளாக்கிய புழுதிப் புயலைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் குறிப்பிடுவர். அம்மாதமே மண்வளப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது.

பட்ட பாடு மறக்கவில்லை. 1985-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்தது. எளிதில் அரிப்புக்கு உள்ளாகும் வயலில் பயிரிடாது, 10 முதல் 15 ஆண்டுகள் புல் வளர்க்க உழவர் ஒப்பந்தம் செய்துகொண்டால், அரசு ஆண்டுதோறும் வாடகை தரும். 2007-இல் இவ்வாறு ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 3 கோடியே 68 இலட்சம் ஏக்கர்.

மண்ணைக் காக்க வளர்த்த புல்லில் பறவைகள் குடிபுகுந்தன. ஊசிவால் வாத்தும் புல்வெளிக் கோழியும் தரையிலேயே கூடு கட்டுபவை. முட்டையும் குஞ்சும் இருக்கும் வேளையில் அறுக்கும் பொறி ஓடினால், தாய்ப்பறவையும் தப்புவது அரிது. ஆதலால், கூடு கட்டும் பருவத்தில் புல்லறுக்கலாகாது என்று விதி வகுத்தனர்.

ஆனால் மாடு வளர்ப்போரின் துன்பமும் பொய்யன்று. வறட்சியில் தம் புல் கருகி, வேலிக்கு அப்பால் ஒதுக்கிய புல் செழித்து நிற்கும்போது, பசித்த மாட்டை விற்றுவிடு என்று எவரால் சொல்ல முடியும்?

2008-இல் தீவன விலை ஏறியது. கூடு கட்டும் பருவம் முடிந்தபின் சுமார் 2 கோடியே 40 இலட்சம் ஏக்கரைத் திறந்துவிட வேளாண்மைத் துறை முன்வந்தது. சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தாமல் இவ்வளவு நிலத்தைத் திறக்கலாமா என்று வனவிலங்குக் காப்பு அமைப்பினர் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது. எனினும் முன்னரே அனுமதி பெற்றோரைக் கைவிடவில்லை. 2012-இல் கடும் வறட்சி வந்தபோதோ, நெருக்கடிக் கால அனுமதி வழங்கப்பட்டது. அதனைப் பயன்படுத்துவோர் வாடகையில் இழக்க வேண்டிய பங்கும் நூற்றுக்கு 25-லிருந்து 10-ஆகக் குறைக்கப்பட்டது.

இருவர் வழக்கிலும் நியாயம் இருக்கிறது. எனினும் மேய்ச்சலே புல்வெளிக்குப் பகை என்று கருதுவது பிழை. காட்டெருமை மேய்ந்தும் தீ பரவியும் வளர்ந்த வெளி அது. பல்லாண்டு தொடாமல் விட்டால் பழம்புல் அடர்ந்து, குஞ்சுகள் நடக்கவும் இடமிராது. அளவாக மேய்த்தால் புல் புதுத்தளிர் விடும். காட்டெருமைக் கூட்டம் ஓரிடத்தில் மேய்ந்து அடுத்த இடம் நாடிச் சென்றது. அதுபோல் மாட்டையும் இடம் மாற்றி மேய்த்தால் நிலம் இளைப்பாறும்.

ஆகவே, புல் மாட்டுக்கா பறவைக்கா என்பதன்று கேள்வி. எப்போது, எவ்வளவு என்பதே கேள்வி. குஞ்சு பறக்கும்வரை பொறுத்திருப்பதும், ஒரு பகுதியை அறுக்காமல் விடுவதும் பெரிய தியாகமல்ல. மழை பெய்யும் ஆண்டிலேயே விதியைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பஞ்சம் வந்தபின் பேசினால் பசிதான் பேசும்.