வானை நோக்கிய பீரங்கிகள்

ஓர் ஆயுதத்தின் வலிமையைக் காட்டிலும், அது எந்த அபாயத்தை மனத்திற் கொண்டு சமைக்கப்பட்டது என்பதே பல சமயங்களில் யுத்தத்தின் போக்கை நிர்ணயித்திருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பான் தன் நகரங்களைக் காக்க நிறுத்திய கனரக விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஜப்பானியர் தம் அரச சகாப்தத்தின் ஆண்டைக் கொண்டே ஆயுதங்களுக்குப் பெயரிட்டனர். அச்சகாப்தத்தின் 2588ஆம் ஆண்டாகிய 1928இல் அமைந்த 75 மில்லிமீட்டர் பீரங்கி 88ஆம் மாதிரி எனப்பட்டது. அக்காலத்து விமானங்களுக்கு அது போதுமானதே. ஆனால் 1944 ஜூனில், வங்காளத்தின் கரக்பூர் வட்டாரத்தைத் தளமாகக் கொண்ட அமெரிக்க பி-29 விமானங்கள், சீனத்துச் செங்டு வழியாகச் சென்று யவாதா உருக்காலையைத் தாக்கின. நவம்பரில் மரியானாத் தீவுகளிலிருந்து டோக்கியோவுக்கே வந்தன. அவை பறந்ததோ ஏறக்குறைய 9,000 மீட்டர் உயரத்தில்! பழைய பீரங்கியின் குண்டு அவ்வுயரத்தை எட்டுவதே அரிதாயிற்று.

எட்டினாலும் குறி வாய்ப்பது எளிதன்று. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம், குண்டு மேலேறும் 20 விநாடிக்குள் இரண்டே முக்கால் கிலோமீட்டர் கடந்துவிடும். ஆகவே, விமானம் வரப்போகும் இடத்தையும், குண்டு வெடிக்க வேண்டிய விநாடியையும் முன்னதாகவே கணித்தாக வேண்டும். இதற்கு ராடார் இன்றியமையாதது. 1942இல் சிங்கப்பூரில் கைப்பற்றிய பிரிட்டிஷ் கருவிகளைப் பார்த்து ஜப்பானியர் ராடார்கள் செய்தனர். தேவைக்கு அவை போதவில்லை.

1943இல் தோன்றிய 120 மில்லிமீட்டர் பீரங்கி 14,000 மீட்டர் வரை எட்டியது. 150 மில்லிமீட்டர் பீரங்கிகளோ இரண்டே. 1945இல் டோக்கியோவின் குகயாமாவில் அவை நிறுவப்பட்டன.

இதற்கிடையே எதிரி வழியை மாற்றிக்கொண்டான். தாழப் பறப்பனவற்றைச் சுடும் சிறு பீரங்கிகள் ஜப்பானிடம் குறைவு என்று கணித்த அமெரிக்கத் தளபதி கர்ட்டிஸ் லெமே, 1945 மார்ச் 9ஆம் தேதி இரவு சுமார் 280 விமானங்களை 1,500 முதல் 2,700 மீட்டர் உயரத்தில் அனுப்பினார். உயரத்தைக் குறித்தே சமைத்த பெரும் பீரங்கிகளால், தலைக்கு மேல் விரைந்தோடும் விமானங்களை இருளில் தொடர்ந்து திரும்ப இயலவில்லை. வீழ்ந்த விமானங்கள் 14. மாண்ட மக்கள் சுமார் ஒரு லட்சம். மர வீடுகள் நிறைந்த 41 சதுர கிலோமீட்டர் சாம்பலாயிற்று.

1941இல் திருத்திய சட்டம் ஒன்று, நகரவாசிகள் வெளியேறாமல் நின்று தீயை அணைக்க வேண்டுமென்று பணித்திருந்தது. பீரங்கி காக்கவில்லை; ஓடிப் பிழைக்கச் சட்டம் விடவில்லை. நகரப் பாதுகாப்பைப் பற்றிச் சிந்திப்போர் மறக்கலாகாத பாடம் இது.