விளக்கங்களுக்கு முந்தைய வலி

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய கைரோபிராக்டிக் முறை, பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பின் இடப்பிறழ்வே மூலம் என்றது. கருவுற்ற பெண்களின் இடுப்புவலிக்கும் பின்னர் அதே விளக்கம் பொருத்தப்பட்டது. 1926-இல் பிரெடெரிக் ஹிசா, சினையுற்ற கினிப்பன்றியின் குருதிச் சீரம் மற்றொன்றின் இடுப்பெலும்பு இணைப்பைத் தளர்த்துவதைக் கண்டறிந்தார். ரிலாக்சின் என்னும் ஹார்மோனின் வரலாறு அங்குத் தொடங்குகிறது. வலிக்கும் அதுவே காரணம் எனக் கருதப்பட்டது. ஆயினும் அதன் அளவுக்கும் வலியின் கடுமைக்கும் நேரடித் தொடர்பைப் பிற்கால ஆய்வுகள் நிறுவவில்லை. எலும்பைக் கையால் நெறிப்படுத்தும் சிகிச்சைக்கும் வலுவான சான்றுகள் குறைவே. இரு விளக்கங்களும் குறைபட்டவை, வலியோ மெய். கர்ப்பத்தில் இஃது இயல்பே என்று அதனைப் புறந்தள்ளும் வழக்கம் மட்டும் மாறாது நீடிக்கிறது. காரணம் புலப்படாமை, நோவு இல்லை என்பதற்குச் சான்றாகாது.