வினாகிரிப் போத்தல் சொல்லும் உண்மை

பலசரக்குக் கடையின் தட்டிலே வினாகிரிப் போத்தல்கள் அருகருகே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நிறமும் அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, விலை மட்டும் வேறுபடுகின்றது. குறைந்த விலையுள்ளதை எடுத்துக்கொண்டு நகர்வதே எமது குடும்பத் தலைவியர் பலரின் வழக்கம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிச் செலவிடும் நிலைக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களை இதற்காக எவரும் குறைகூற முடியாது. ஆயினும் அந்தப் போத்தல்களுள் இருப்பவை ஒரே பொருளல்ல என்பதை அறிந்து வாங்குகின்றோமா என்ற கேள்வியை எமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

வினாகிரி என்ற சொல் போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச் சென்றது. புளித்த திராட்சை மது என்பதே அதன் மூலப் பொருள். தமிழில் காடி என்ற பழைய சொல் உண்டு. எமது நாட்டில் தென்னையும் பனையும் திராட்சையின் இடத்தை நிரப்பின. பாளையிலிருந்து வடியும் இனிப்பான பதநீரிலுள்ள வெல்லத்தை மதுவம் என்னும் நுண்ணுயிர் அற்ககோலாக மாற்றுகின்றது, அதுவே கள். கள்ளைக் காற்றுப்பட விட்டால் வேறொரு வகைப் பக்றீரியா அந்த அற்ககோலை அசற்றிக்கமிலமாக மாற்றுகின்றது, அதுவே வினாகிரி. இந்த மாற்றம் உயிரினங்களின் செயல் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்ரர் 1860களில் ஆய்வுகள் மூலம் நிறுவினார். சாடியில் இட்டுத் தானாகப் புளிக்க விட்டால் இதற்கு வாரங்கள் அல்லது மாதங்கள் செல்லும். மரச்சீவல்களின் மேலாகக் கள்ளை மீண்டும் மீண்டும் வழியவிட்டுக் காற்றூட்டும் முறையில் சில நாட்களே போதும். எம்முறையாயினும் இதுவே இயற்கை வினாகிரி.

செயற்கை வினாகிரியின் கதை வேறு. அதற்கு மரமும் வேண்டாம், காலமும் வேண்டாம். தொழிற்சாலைகளில் பெரும்பாலும் மெதனோலையும் காபனோரொட்சைட்டையும் சேர்த்துப் பெறப்படும் செறிந்த அசற்றிக்கமிலத்தை நீருடன் கலந்தால் அது ஆயத்தமாகிவிடும். வேண்டுமாயின் கருகிய சீனியிலிருந்து பெறும் நிறமூட்டியைச் சேர்க்கலாம். செறிந்த அசற்றிக்கமிலம் இறப்பர்ப் பாலை உறையவைக்கவும் பயன்படும் ஒரு கைத்தொழில் இரசாயனமாகும்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த விரும்புகின்றோம். உணவுத் தரத்திலான அமிலத்தைச் சரியான அளவில் நீர்கலந்து, செயற்கை என்று வெளிப்படையாக எழுதி விற்பது குற்றமல்ல, அது நஞ்சுமல்ல. கைத்தொழில் தர அமிலத்தை உணவுக்குப் பயன்படுத்துவதும், அளவு தவறிக் கலப்பதும், செயற்கையானதை இயற்கையானதெனக் காட்டி விற்பதுமே குற்றம். முதலிரண்டும் உடலுக்குத் தீங்கு. மூன்றாவது பணத்துக்கும் நம்பிக்கைக்கும் தீங்கு.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாள்கின்றன என்பது நோக்கற்பாலது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் நீர்கலந்த அசற்றிக்கமிலத்தை வினாகிரியாகவே கொள்வதில்லை. பிரித்தானியாவில் அவ்வாறான திரவத்தை நொதிக்க வைக்கப்படாத சுவையூட்டி என்ற பெயரிலேயே விற்க வேண்டும். இந்தியாவில் அது அசற்றிக்கமிலத்திலிருந்து தயாரிக்கப்பட்ட செயற்கைப் பொருள் எனச் சுட்டுத்துண்டில் தெளிவாகக் குறிப்பிடப்படல் வேண்டும். எமது நாட்டிலும் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பொய்யான, தவறாக வழிநடத்தும் சுட்டுத்துண்டுகளைத் தடைசெய்கின்றது. ஆகவே சட்டம் இல்லையென்று எவரும் கூறிவிட முடியாது.

கடையிலே நிற்கும் நுகர்வோர் செய்யக்கூடியது என்ன?

முதலாவதாக, போத்தலின் முகப்பை விடுத்து அதன் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். முகப்பிலே தென்னை மரத்தின் படம் இருப்பது ஒன்றையும் நிரூபிப்பதில்லை. உள்ளடக்கப் பட்டியலில் தென்னங்கள், பனங்கள், தேங்காய் நீர் என்பவற்றுள் ஒன்று மூலப்பொருளாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் அது இயற்கை வினாகிரி. அசற்றிக்கமிலமும் நீரும் மட்டும் இருந்தால் அது செயற்கையானது. தேங்காய் நீர் வினாகிரியில் சீனியும் குறிப்பிடப்பட்டிருந்தால் அதைக் கலப்படமெனக் கருத வேண்டியதில்லை. முற்றிய தேங்காயின் நீரில் வெல்லம் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கே உண்டு. சீனி சேர்க்காவிடின் போதிய அமிலம் உண்டாகாது.

இரண்டாவதாக, அமிலச் செறிவைப் பார்க்க வேண்டும். 100 மில்லிலீற்றரில் குறைந்தது 4 கிராம் அசற்றிக்கமிலம் இருத்தல் வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. ஊறுகாய், அச்சாறு போன்றவற்றை நீண்டநாள் வைத்திருக்க விரும்புவோருக்கு இது வெறும் எண்ணல்ல. உணவின் அமிலத்தன்மை போதாவிடின், காற்றுப் புகாத போத்தலில் கொடிய நஞ்சை உண்டாக்கும் பக்றீரியா வளரும் ஆபத்து உண்டு. நீர்த்துப்போன வினாகிரி எவ்வளவு மலிவாயினும் அது இலாபமல்ல.

மூன்றாவதாக, விலையைப் போத்தலுக்கென்று பாராது அளவுக்கென்று பார்க்க வேண்டும். உதாரணமாக, 350 மில்லிலீற்றர் போத்தலொன்று 210 ரூபாவாகவும் 750 மில்லிலீற்றர் போத்தலொன்று 375 ரூபாவாகவும் இருப்பதாகக் கொள்வோம். முதலாவதில் 100 மில்லிலீற்றருக்கு 60 ரூபாவும் இரண்டாவதில் 50 ரூபாவும் கொடுக்கின்றோம். எண்ணெய் காறிப்போகும், பால்மா கட்டிபடும். வினாகிரியோ நன்றாக மூடி வைத்தால் நெடுங்காலம் கெடாது. எனவே சிறிய குடும்பமும் துணிந்து பெரிய போத்தலை வாங்கலாம்.

நான்காவதாக, எத்தேவைக்கு வாங்குகின்றோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் யாழ்ப்பாணத்து வீடுகளில் கேத்தலின் அடியில் வெண்ணிறப் படிவு சேர்வதை அனைவரும் அறிவர். அதனைக் கரைப்பதற்கும் கண்ணாடி துடைப்பதற்கும் செயற்கை வினாகிரியே போதும். அதற்கு இயற்கை வினாகிரியைச் செலவிடுவது வீண். ஆனால் கடுகு அரைத்துப் போடும் அச்சாறுக்கும், புரியாணியுடன் பரிமாறும் மலாய் அச்சாறுக்கும், இறைச்சி ஊறவைப்பதற்கும் இயற்கை வினாகிரியின் மணமும் மென்மையான புளிப்பும் தனியானவை. ஒரு வீட்டில் இரு போத்தல்களையும் வைத்திருப்பதே சிக்கனமான வழியாகலாம்.

நிறத்தையும் தெளிவையும் நம்பி ஏமாறக்கூடாது. நிறத்தைச் சேர்த்துவிடலாம். மறுபுறம், வடிகட்டப்படாத இயற்கை வினாகிரியின் அடியில் மெல்லிய படலமோ கலங்கலோ தோன்றுவது பழுதல்ல; அது நொதித்தலின் அடையாளம். வாங்கி வந்ததைக் கண்ணாடியிலோ மண்சாடியிலோ வைக்க வேண்டுமேயன்றி செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களில் வைக்கலாகாது. அமிலம் உலோகத்தை அரிக்கும்.

இறக்குமதி செய்யப்படும் அப்பிள் வினாகிரியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். உடல் மெலியும் என்ற நம்பிக்கையில் பலர் அதற்குப் பன்மடங்கு விலை கொடுக்கின்றனர். அந்த நம்பிக்கைக்கு வலுவூட்டுவதாக 2024 இல் மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான ஆய்வு, அதன் தரவுகள் பற்றிய ஐயங்களால் 2025 இல் மீளப்பெறப்பட்டது. சமையலறையைப் பொறுத்தவரை எமது தென்னங்கள் வினாகிரி அதற்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல.

இவையெல்லாம் வெறும் விலைக் கணக்கு மட்டுமல்ல. மனச்சாட்சியின் கணக்கும் இதிலுண்டு. மதுவை முற்றாக விலக்கிய இஸ்லாம் காடியை அனுமதித்திருக்கின்றது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நபிமொழி அதனை நல்லதொரு தொடுகறியாகப் போற்றுகின்றது. தானாகவே காடியாக மாறிய மது ஆகுமானது என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பிற பொருளொன்றைச் சேர்த்து மாற்றப்பட்டதைப் பொறுத்தவரை, எமது நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபுக்கும் ஹனபி மத்ஹபுக்குமிடையே வேறுபாடு உண்டு. அதனைத் தீர்ப்பது மார்க்க அறிஞர்களின் பணி, எமது பணியல்ல. ஆயினும் போத்தலில் இருப்பது என்ன, அது எவ்வாறு செய்யப்பட்டது என்பது தெரியாதபோது எந்த அறிஞரால் தீர்ப்புக் கூற முடியும்? கள்ளுடன் தொடர்புடைய எதனையும் தமது சமையலறைக்குள் அனுமதிக்காத இந்துக் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் விரும்பிச் செயற்கை வினாகிரியைத் தெரிவு செய்யலாம். இரு சாராருக்கும் வேண்டியது ஒன்றே. அதுதான் உண்மையான சுட்டுத்துண்டு.

மற்றொரு தரப்பினரையும் மறந்துவிட முடியாது. அதிகாலையில் மரமேறி உயிரைப் பணயம் வைத்துக் கள் இறக்கும் சீவல் தொழிலாளர்களே அவர்கள். பருவகாலத்தில் விற்பனையாகாது எஞ்சும் கள்ளைப் பயனுள்ள பண்டமாக்குவதற்கு வினாகிரி நல்லதொரு வழி. வடக்கிலுள்ள பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் பனை அபிவிருத்திச் சபையும் இதில் மேலும் கவனஞ் செலுத்தலாம். ஆனால் மரமும் காலமும் மனித உழைப்பும் தேவைப்படும் பொருள், குழாய்நீரும் அமிலமும் கலந்த பொருளுடன் ஒரே பெயரில் போட்டியிட நேர்ந்தால் தோற்பது நிச்சயம். பெயர் வேறாயின் போட்டி நேர்மையானதாகும்.

நாவால் மட்டும் இரண்டையும் பிரித்தறிவது எப்போதும் இயலாது. ஆய்வுகூடத்தில் இயலும். பெற்றோலிய மூலத்திலிருந்து வந்த அமிலத்தில் காபன்-14 இராது. மரத்திலிருந்து வந்ததில் இருக்கும். எனவே உண்மையை அறியும் வழி இல்லையென அதிகாரிகள் கூறவியலாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பண்டிகைக் காலங்களில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் மாதிரிகளைப் பெற்றுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். செயற்கை என்ற சொல் வினாகிரி என்ற சொல்லுக்குச் சமமான எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முகப்பிலேயே அச்சிடப்பட வேண்டும். நுகர்வோரும் வாளாவிருத்தல் ஆகாது. ஐயத்துக்கிடமான போத்தலைக் கண்டால் பற்றுச்சீட்டுடன் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் விவகார அதிகார சபையிடமோ முறையிடலாம்.

மலிவான பொருளை வாங்குவது ஏழையின் உரிமை. எதனை வாங்குகின்றோம் என்று அறிந்து வாங்குவது அனைவரினதும் உரிமை. முதலாவதைக் காரணங் காட்டி இரண்டாவதைப் பறிப்பதற்கு எவரையும் அனுமதிக்கலாகாது என்பதே எமது நிலைப்பாடாகும்.