துஞ்சலும் தூங்காமையும்: தமிழர் துயில் மரபு பற்றிய ஓர் ஆய்வு

தென்காசியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்துள்ளது புளியங்குடி. எலுமிச்சை வாணிகத்தால் இன்று பெயர் பெற்று விளங்கும் இவ்வூரின் பெயரில் புளிய மரம் நிற்கிறது. அம்மரத்தின் இயல்பு ஒன்றை இப்பகுதியார் யாவரும் அறிவர். பொழுது சாய்ந்ததும் புளியின் சிற்றிலைகள் இணையிணையாகக் குவிகின்றன. விடியலில் மீண்டும் விரிகின்றன. ‘மரம் உறங்குகிறது’ என்பது ஊர் வழக்கு. இரவில் அம்மரத்தடியில் படுத்து உறங்கலாகாது என்பதும் அவ்வழக்கைச் சார்ந்த நம்பிக்கையே.

மரத்திற்கும் உறங்கும் பொழுது ஒன்று உண்டு எனக் கண்ட மக்கள், மாந்தர் உறக்கத்தைப் பற்றி என்ன எண்ணினர்? தமிழ் நூல்கள் உறக்கத்தை இகழ்கின்றன என்னும் கருத்து நம் மாணாக்கரிடையே வேரூன்றியிருக்கிறது. தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்திருத்தலைச் சிறப்பெனக் கொள்வோர், அதற்குத் திருக்குறளையே சான்று காட்டுவதும் உண்டு. அக்கருத்து நூல்களுக்குப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இகழப்பட்டது உறக்கமன்று, பொழுது தவறிய உறக்கமே என்பது நாம் கண்ட முடிபு.

சொல் வரலாறு

உறக்கத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் துஞ்சு, துயில், உறங்கு ஆகிய மூன்றும் தலையாயவை. இவற்றுள் துஞ்சு என்பது இறத்தலையும் குறிக்கும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை எனச் சங்ககால வேந்தர் தாம் இறந்த இடத்தாற் சுட்டப்படுகின்றனர். இவ்வழக்குப் பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் தொடர்கிறது. தக்கோலப் போரில் யானை மேலிருந்து உயிர் நீத்த இராசாதித்தன் ‘ஆனைமேற்றுஞ்சின’ உடையார் எனவும், சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின’ தேவர் எனவும் பெயர் பெற்றனர். சாவை இன்னாத சொல்லாற் கூற விரும்பாதோர் அதற்கு உறக்கத்தின் பெயரை இட்டனர் எனின், உறக்கம் அவர்தம் உள்ளத்தில் அமைதிக்குரிய நிலையாக இருந்தது என்பது பெறப்படும்.

இனி, தூங்கு என்னும் சொல்லைக் காண்போம். இன்று உறங்குதலைக் குறிக்கும் இச்சொல்லுக்குப் பழம்பொருள் தொங்குதல், அசைதல், காலம் தாழ்த்துதல் என்பன. தூக்கணங்குருவி என்னும் பெயரில் அப்பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. மதுரைக்காஞ்சியில் பண்ணியம் விற்போர் இருந்தவாறே அசைந்து உறங்குவதைப் பாடுமிடத்து, மாங்குடி மருதனார் தூங்கு, உறங்கு ஆகிய இரண்டனையும் அடுத்தடுத்து வைக்கிறார். முன்னது அசைவையும் பின்னது துயிலையும் குறிக்கின்றன. சொல் பொருள் மாறிய வழியும் இவ்விடத்தே புலப்படுகிறது. அசைந்தாடும் தலையைக் குறித்த சொல் நாளடைவில் அத்தலைக்குரியவனின் உறக்கத்தைக் குறிப்பதாயிற்று.

இவ்வேறுபாடு அறியாமையால் நேர்ந்த பிழை ஒன்றை ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். இறைமாட்சி அதிகாரத்துள் வேந்தனுக்குரிய பண்புகளுள் ஒன்றாகத் ‘தூங்காமை’ கூறப்படுகிறது. அதற்குப் பரிமேலழகர் கொண்ட பொருள் செயலில் விரைவுடைமை என்பதே, உறங்காதிருத்தல் அன்று. வினைசெயல்வகை அதிகாரத்திலும் தூங்குதல் என்பது காலம் நீட்டித்துச் செய்தலையே குறிக்கிறது. இன்றைய வழக்கை அன்றைய நூலில் ஏற்றிப் படித்தோர், வள்ளுவர் அரசனை உறங்கவேண்டா என்றார் எனப் பிறழ உணர்ந்தனர்.

மடியின்மை அதிகாரத்துள் துயில் கெடுவோரின் மரக்கலங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளதே எனின், அங்கு அது காலம் நீட்டித்தல், மறதி, மடி ஆகிய மூன்றனோடும் சேர்ந்து நிற்பது நோக்கத்தக்கது. வினைக்குரிய பொழுதைக் கவரும் துயிலே அங்குக் கடியப்பட்டது. அந்நூலிலேயே கண்விதுப்பழிதல் அதிகாரம் துயிலிழந்த கண்ணின் துயரை விரித்துரைக்கிறது. உறக்கம் இழிவாயின், அதன் இழப்பைத் துயரெனப் பாடுதற்கு இடமில்லை. குறுந்தொகையின் ஆறாம் பாட்டில் பதுமனார் காட்டும் தலைவியும் உலகமெல்லாம் துஞ்சும் நள்ளிரவில் தான் ஒருத்தியே துஞ்சாமையை எண்ணி வருந்துகிறாள். விழித்திருத்தல் அவளுக்கு நோயே அன்றிப் பெருமை அன்று.

யாமப் பகுப்பு

ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர் தமிழர். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். அகப்பொருள் இலக்கணம் கூறும் சிறுபொழுது ஆறனுள் யாமம் பத்து நாழிகை அளவினது. பிற்கால வழக்கில் ஏழரை நாழிகையை ஒரு யாமமாகக் கொண்டு இரவை நான்கு யாமமாக்கினர். பாசறையிலும் நாழிகைக் கணக்கர் நீர்க்கன்னலால் பொழுதளந்து வேந்தனுக்கு அறிவித்த செய்தியை முல்லைப்பாட்டு உரைக்கிறது.

மதுரைக்காஞ்சி இந்நகர இரவை யாமந்தோறும் வரைந்து காட்டுகிறது. முதல் யாமம் கழிந்ததும் சங்கொலி அடங்குகிறது, கடைகள் அடைக்கப்படுகின்றன, ஆடுவோரும் விற்போரும் துயில்கின்றனர், ஒலியவிந்த கடல்போல் ஊர் அமைகிறது. அதன்பின் கள்வரைத் தேடித் திரியும் ஊர்க்காவலரே விழித்திருக்கின்றனர். ஞாயிறு ஆறு மணிக்கு மறைவதாகக் கொண்டால், ஏழரை நாழிகைக் கணக்கின்படி முதல் யாமம் ஒன்பது மணிக்கும், பத்து நாழிகைக் கணக்கின்படி பத்து மணிக்கும் முடியும். எக்கணக்கைக் கொள்ளினும், பெருநகர மக்கள் துயிலச் சென்ற பொழுது இவ்விரண்டற்கும் இடைப்பட்டதேயாம். இப்பாட்டின் ஆசிரியர் பெயரிலுள்ள மாங்குடி, புளியங்குடிக்குக் கிழக்கே சங்கரன்கோவில் வட்டாரத்திலுள்ள மாங்குடியே எனக் கருதுவார் உளர். தமிழக அரசின் தொல்லியல் துறை 2001–02இல் அங்கு அகழாய்வு நடத்தியது.

விழித்திருக்க வேண்டியவர் சிலர் என்பதையும் நூல்கள் மறைக்கவில்லை. நெடுநல்வாடையின் வேந்தன் நள்ளிரவிலும் பள்ளி கொள்ளாது புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்திருந்த புளி, இரவிலும் இலை குவியாத ‘உறங்காப்புளி’ எனப் போற்றப்படுகிறது. இராமனுக்காக உறங்காதிருந்த இலக்குவனே அம்மரமானான் என்பது வைணவ மரபு. உறங்கும் இயல்பினதாகிய புளி உறங்காதிருப்பதே ஈண்டு வியப்பாகிறது. ஆகவே இவ்விரண்டும் பொதுவிதிக்குப் புறனடை. புறனடையைப் பொதுவிதியாகக் கொள்ளுதல் முறையன்று.

ஒழுக்க நூலும் மருத்துவ நூலும்

பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை துயிலுக்கு வகுத்த விதிகள் நுண்ணியவை. அந்திப் பொழுதில் படுத்தலாகாது; இரவில் உண்டு, பின் அடங்குதல் வேண்டும்; உண்ணுங்கால் காலில் ஈரம் இருக்கலாம், பள்ளி ஏறுங்கால் ஈரம் புலர்ந்திருத்தல் வேண்டும்; வைகறையில் எழுதல் வேண்டும். இவ்விதிகளுள் எதுவும் உறங்காதே எனக் கூறவில்லை. எப்பொழுது, எவ்வாறு உறங்குதல் வேண்டும் என்றே கூறுகின்றன.

சித்த மருத்துவம் இதனினும் தெளிவாகப் பேசுகிறது. அடக்கலாகாத வேகங்கள் பதினான்கனுள் நித்திரையும் ஒன்று. பசியையும் தாகத்தையும் அடக்குவது எவ்வாறு தீங்கோ, அவ்வாறே வரும் உறக்கத்தை அடக்குவதும் தீங்கு என்பது இதன் கருத்து. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி பகல் உறக்கத்தை விலக்குகிறது. இடப்பக்கமாகப் படுக்கச் சொல்கிறது. கடையத்தை அடுத்த தோரணமலையில் தேரையர் வாழ்ந்தார் என்பது தென்காசி வட்டாரத்து மரபு. பகலில் விலக்கு, இரவில் அடக்காமை என்னும் இவ்விரு விதிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், மருத்துவர் கருத்தும் இலக்கியத்தின் கருத்தும் ஒன்றேயாதல் விளங்கும்.

துயிலின் ஆழத்தைப் பகுத்தறிந்தோரும் உண்டு. சைவ சித்தாந்தம் ஐந்து அவத்தைகளைக் கூறும். அவை நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் எனத் தமிழில் வழங்கும். கனவுடைய துயிலும் கனவற்ற துயிலும் வெவ்வேறு நிலைகள் என்னும் தெளிவு இதன்கண் உளது. இது உயிரின் நிலை பற்றிய மெய்யியற் பகுப்பே; உடலை அளந்து கண்டதன்று.

இக்கால ஆய்வு

உடலை அளந்து காணும் முயற்சி மரத்தினின்றே தொடங்கியது எனலாம். அலெக்சாந்தரின் படையுடன் சென்றோர் பாரசீக வளைகுடாவிலுள்ள தைலோசுத் தீவில், இன்றைய பகுரைனில், மாலையில் குவிந்து காலையில் விரியும் மரம் ஒன்றைக் கண்டனர். அது உறங்குகிறது என அத்தீவினர் கூறியதைத் தியோபிராசுடசு தம் நூலில் எழுதிவைத்தார். அம்மரம் புளியே என ஆய்வாளர் கருதுவர். புளியங்குடியில் நாம் கேட்கும் சொல்லே இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அயல்நாட்டிலும் கேட்டது. 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான், இலை குவியும் செடியை இருளில் வைத்தும் அது தன் பொழுதில் விரிந்து குவிதலைக் கண்டார். உயிர்களின் உள்ளேயே பொழுதளக்கும் கருவி ஒன்று உண்டு என்னும் கருத்து இவ்வாறு தோன்றியது. அக்கருவி அணுக்களுள் இயங்கும் முறையைக் கண்ட அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆன்சு பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தபின், உறக்கத்தின் நிலைகள் அளவைக்கு உட்பட்டன. 1953இல் சிகாகோவில் அசெரின்சுகியும் கிளைட்மனும் கண்விழி விரைந்து அசையும் உறக்க நிலையை வெளிப்படுத்தினர். கனவு மிகுதியும் அந்நிலையில் நிகழ்வது. இரவுத் துயில் ஏறத்தாழ 90 நிமிட வட்டங்களாக அமைகிறது. மூளை அலைகள் மெதுவாகிப் பெரிதாகும் ஆழ்துயில் இரவின் முதற் பகுதியிலேயே மிகுதி. கனவுத் துயில் வைகறையை நோக்கி மிகுகிறது. வளர்ச்சிக்குரிய சுரப்பு பெரிதும் ஆழ்துயிலின்போதே வெளிப்படுகிறது. ஆழ்துயில் முதுமையில் குறைவதும் இயல்பே.

ஆழ்துயிலின் அளவு, விழித்திருந்த நேரத்தைப் பொறுத்தது. விழித்திருக்குந்தோறும் உறக்க வேட்கை உடலிற் பெருகுகிறது. பகலில் நெடிது உறங்கினால் அவ்வேட்கை தணிந்து, இரவின் ஆழ்துயில் குறைகிறது. தேநீரும் காப்பியும் அவ்வேட்கையை மறைக்கின்றன. இரவில் கண்ணிற் படும் ஒளி, இருளில் சுரக்க வேண்டிய மெலடோனினைத் தடுக்கிறது. உடலின் உள்வெப்பம் தணிவதும் ஆழ்துயிலுக்கு வேண்டப்படுவது. பகல் உறக்கத்தை விலக்கிய மருத்துவ விதிக்கும், முதல் யாமத்தின் பின் ஊரடங்கிய வழக்கிற்கும் இவ்வாய்வுகள் அரண் செய்கின்றன. ஆயின் நம் முன்னோர் மூளை அலைகளை அறிந்திருந்தனர் என நாம் கூறவில்லை. அவர் கண்டது பொழுதின் ஒழுங்கை. இக்கால அறிவியல் கண்டது அவ்வொழுங்கின் காரணத்தை.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், துஞ்சல் என்பது தமிழரால் அமைதியின் பெயராகக் கொள்ளப்பட்டது என்பதும், தூங்காமை என்பது விழித்திருத்தலன்று, காலம் தாழ்த்தாமை என்பதும், அறநூலும் மருத்துவ நூலும் விலக்கியது பொழுது தவறிய துயிலையே என்பதும் போதரும். வள்ளுவர் பெயரால் இரவுறக்கத்தைத் துறக்கும் மாணாக்கர், அவர் சொல்லையும் இழக்கின்றனர், தம் உடல்நலத்தையும் இழக்கின்றனர். பகலில் வினையைத் தூங்காது முடித்து, முதல் யாமம் கழிந்ததும் விளக்கவித்து, வைகறையில் எழுவாரே தூங்காமை என்னும் சொல்லின் பொருளை உணர்ந்தவராவர். புளியங்குடியின் புளிய மரங்கள் நாள்தோறும் மாலையில் இலை குவித்து அவ்வொழுங்கை நினைவூட்டி நிற்கின்றன.